அவுட்போர்டு மோட்டாருக்குப் பெட்ரோல் வரவில்லையா? டேங்க்கிலிருந்து கார்பரேட்டர் வரை நடந்து பார்ப்போம்

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி ஷட்டரைத் தூக்கினாலும் முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடைக்குத் தண்ணீர் உடனே வந்துவிடாது. கல்லணை தாண்ட வேண்டும், வெண்ணாற்றில் இறங்க வேண்டும், நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் பிரிந்து கோரையாற்றுக்கு வர வேண்டும், அப்புறம் கிளை வாய்க்கால், கடைசியில் வயல் மடை. வயலில் தண்ணீர் ஏறவில்லை என்றால் எந்த விவசாயியும் வயலைக் கொத்திப் பார்ப்பதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார். எதுவரை தண்ணீர் நிற்கிறது, எங்கிருந்து காய்ந்து கிடக்கிறது என்று பார்ப்பார். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு இருக்கும்.

படகு மோட்டாருக்குப் பெட்ரோல் வராத கோளாறைத் தேடுவதும் இதே வேலைதான். டேங்க் தலைமதகு என்றால் கார்பரேட்டர் கடைமடை. நடுவில் ஒரு ஹோஸ், ஒரு ரப்பர் பல்ப், ஒரு ஃபில்டர், ஒரு சிறிய பம்ப். பெட்ரோல் எந்த இடம் வரை வந்து நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் புதிதாக மோட்டார் வாங்கியவர்கள் எடுத்த எடுப்பில் கைவைப்பது கார்பரேட்டரில்தான். நான் பார்த்த வரையில் கோளாறு பெரும்பாலும் அதற்கு மேலே, காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய இடத்தில்தான் இருந்திருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இங்கே நான் சொல்வதெல்லாம் சின்ன பைபர் படகில் மாட்டுகிற, தனி டேங்க்கும் கார்பரேட்டரும் உள்ள பெட்ரோல் மோட்டாரைப் பற்றி. 8, 9.9, 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள் இந்த வகை. மண்ணெண்ணெயில் ஓடும் மாடல்களிலும் வழி ஏறக்குறைய இதேதான். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரைகளில் நீளத் தண்டோடு ஓடும் டீசல் இன்ஜினின் கதை வேறு. அதில் கார்பரேட்டரே கிடையாது. டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் அங்கே முதல் வேலை.

முதலில், இது பெட்ரோல் கோளாறுதானா?

மோட்டார் நின்றதும் செய்ய வேண்டிய முதல் காரியம் நங்கூரத்தைப் போடுவது, அல்லது கழியைச் சேற்றில் ஊன்றிப் படகைக் கட்டுவது. முத்துப்பேட்டை லகூனில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். ஆனாலும் வற்றம், அதாவது கடல் நீர் இறங்கும் ஓட்டம், இழுக்கும்போது படகு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. படகு நின்றால்தான் நிதானமாக யோசிக்க முடியும்.

அடுத்து, கையில் மாட்டுகிற சிவப்புக் கயிற்றின் கிளிப் ஸ்விட்சில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றிருந்தால் எத்தனை முறை ஸ்டார்ட்டர் கயிறு இழுத்தாலும் மோட்டார் பிடிக்காது. புரொப்பெல்லரில் வலைத்துண்டோ பாலித்தீன் பையோ சுற்றியிருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். மோட்டார் நன்றாக ரேஸ் ஆகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால் அது புரொப்பெல்லர் பக்கத்துக் கோளாறு. பெட்ரோலைத் தேடிப் போக வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பிளக்கைக் கேளுங்கள். சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் குமிழை) இழுத்துவிட்டு ஐந்தாறு முறை கயிறு இழுங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். விரலால் தொட்டால் ஈரம் இல்லை, பெட்ரோல் வாடையும் இல்லை, காய்ந்து கிடக்கிறது என்றால் பெட்ரோல் சிலிண்டர் வரை வரவில்லை. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நனைந்து சொட்டுகிறது என்றால் பெட்ரோல் வந்திருக்கிறது. கரண்ட் வரவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து மூழ்கடித்துவிட்டது. இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் கார்பரேட்டரைப் பிரிப்பது நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பது போல.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடியில் தங்கி நிற்கும். பிளக் கழற்றியிருக்கும்போது பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. பெட்ரோல் வாடை தணிந்த பிறகுதான் மறுபடி கயிற்றைத் தொட வேண்டும்.

பெட்ரோல் போகிற வழி

டேங்க்கில் ஆரம்பிப்போம். அதன் மூடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அது காற்றுத் துவாரம். எண்ணெய் டின்னை உடைக்கும்போது எதிரெதிரே இரண்டு ஓட்டை போடுவோம் இல்லையா? ஒன்றில் எண்ணெய் வர, இன்னொன்றில் காற்று உள்ளே போக வேண்டும். ஒரே ஓட்டை என்றால் கொஞ்சம் வந்து, களக் களக் என்று திணறி, நின்றுவிடும். டேங்க்கிலும் அதே நியாயம்தான். பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வண்டியில் ஏற்றும்போது சிந்தாமல் இருக்கத் திருகை மூடுவோம். தண்ணீரில் இறக்கியதும் திறக்க வேண்டும்.

டேங்க்கின் உள்ளே அடிமட்டம் வரை ஒரு குழாய் இறங்குகிறது. அதன் நுனியில் ஒரு சல்லடை. அங்கிருந்து ஹோஸ் வழியாகப் பெட்ரோல் ரப்பர் பல்புக்கு வருகிறது. டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும்போது அமுக்குகிற உருண்டையைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அது மாதிரிதான். பல்பின் இரண்டு முனையிலும் ஒருவழி வால்வுகள் இருப்பதால் அமுக்கினால் பெட்ரோல் மோட்டார் பக்கம் மட்டும் போகும். விட்டால் டேங்க் பக்கமிருந்து மட்டும் உறிஞ்சும். மேலே ஒரு அம்புக்குறி இருக்கும். அது மோட்டாரைப் பார்த்து இருக்க வேண்டும். ஹோஸ் மாற்றும்போது பல்பைத் திருப்பிப் பொருத்திவிட்டு நாள் முழுக்கத் தவித்தவர்கள் உண்டு.

பல்ப் எதற்கு என்றால், அடிபம்பில் வாஷர் காய்ந்திருந்தால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போமே, அதற்காகத்தான். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் பல்பின் வேலை முடிந்தது. பிறகு மோட்டாரின் உள்ளே இருக்கும் பம்ப் பார்த்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் இந்தப் பம்புக்கு மின்சாரம் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. பிஸ்டன் மேலே போகும்போது அதன் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் காற்றை உறிஞ்சுகிறது. கீழே வரும்போது தள்ளுகிறது. அந்த மூச்சு ஒரு சின்னத் துவாரம் வழியாக வந்து டயாப்ரம் என்கிற மெல்லிய தோலை முன்னும் பின்னுமாக அசைக்கிறது. அந்த அசைவில் பெட்ரோல் ஏறுகிறது. எளிமையான ஏற்பாடு. ஆனால் அந்தத் தோலில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், பம்ப் சோர்ந்துவிடும். அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் நேராகக் கிராங்க் கேஸுக்குள் புகுந்து மோட்டார் கரும்புகை கக்குவதும் உண்டு.

கடைசியில் கார்பரேட்டர். அதன் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. மெக்கானிக் கடையில் பவுல் என்பார்கள். உள்ளே ஒரு மிதவை. வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மிதவை ஏறிக் குழாயை அடைக்கிற மாதிரி, பவுல் நிறைந்ததும் மிதவை ஏறி ஒரு ஊசியால் வாயை மூடிவிடும். பவுலிலிருந்து இரண்டு ஜெட்டுகள் பெட்ரோலை எடுக்கின்றன. ஸ்லோவில் ஓடும்போது பைலட் ஜெட், வேகம் எடுக்கும்போது மெயின் ஜெட். பைலட் ஜெட்டின் துளை மிகச் சிறியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் துளை இருப்பதே தெரியும்.

பவுலில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே எங்கேயோ வழி அடைத்துக்கொண்டாலும் அந்தக் கையிருப்பு தீரும் வரை மோட்டார் ஓடும். அதனால்தான் இந்தக் கோளாறு கரையில் தெரியாது. ஸ்டார்ட் ஆகும், துறையை விட்டுக் கிளம்பும், ஆற்று வளைவில் நின்றுவிடும்.

பல்பைப் பிடித்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இந்தப் பகுதியை வையுங்கள். பெட்ரோல் எங்கே தடைபடுகிறது என்பதை உங்கள் உள்ளங்கைக்குச் சொல்கிற ஒரே இடம் அந்த ரப்பர் பல்ப்தான்.

நல்ல நிலையில் அது எப்படி இருக்கும்? ஸ்டார்ட் செய்யும் முன் அம்புக்குறி மேலே பார்க்கும்படி பல்பை நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள். உள்ளே இருக்கும் வால்வுகள் அப்படிப் பிடித்தால்தான் நன்றாக உட்காரும். சில அமுக்கில் பல்ப் இறுகிவிடும். பச்சை மாங்காயை அமுக்குவது போல இருக்கும். பவுல் நிறைந்து ஊசி வாயை மூடிவிட்டது, அதற்கு மேல் பெட்ரோல் போக இடமில்லை என்று அர்த்தம். மோட்டார் ஓடும்போது பல்ப் கொஞ்சம் தளர்ந்து இருக்கும், அது இயல்பு.

இப்போது கோளாறு. மோட்டார் திணறும்போது ஒருவர் ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பல்பைப் பிடியுங்கள்.

பல்ப் ஒட்டிப்போய், உறிஞ்சிய மாம்பழத் தோல் மாதிரி தட்டையாகக் கிடந்தால், பம்ப் உறிஞ்சுகிறது, டேங்க் கொடுக்கவில்லை. அடைப்பு பல்புக்கு மேலே, டேங்க் பக்கம். காற்றுத் திருகு மூடியிருக்கலாம், டேங்க்கின் சல்லடையில் குப்பை சேர்ந்திருக்கலாம், ஹோஸ் எங்காவது மடிந்து மிதிபட்டிருக்கலாம்.

இது எனக்கே நடந்தது. கோரையாற்றிலிருந்து லகூனுக்குள் நுழைகிற இடத்தில் மோட்டார் நின்றது. கொஞ்ச நேரம் விட்டு இழுத்தால் பிடிக்கும், இரண்டு நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும். மூன்றாவது முறை நின்றபோது நான் மோட்டார் மூடியைத் திறந்து கார்பரேட்டர் திருகுகளைத் தேட ஆரம்பித்திருந்தேன். அலையாத்தி ஓரமாக வலை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன் படகைக் கழியால் தள்ளி வந்து பக்கத்தில் நிறுத்தினார். மோட்டாரை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து பல்பை ஒருமுறை தொட்டார். "தம்பி, டேங்க் மூடியத் திற" என்றார். திறந்ததும் 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க். உள்ளே ஒடுங்கியிருந்த பக்கவாட்டுத் தகரம் 'டொப்' என்று வெளியே வந்தது. "இப்ப இழு." இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. காற்றுத் திருகைக் காலையில் திறக்க மறந்திருந்தேன்.

நின்று, விட்டு, மறுபடி ஓடுகிற அந்தத் தாளத்தைக் கவனியுங்கள். மூடிய டேங்க்கிலிருந்து பெட்ரோல் போகப் போக உள்ளே வெற்றிடம் கூடுகிறது. ஒரு கட்டத்தில் பம்பால் அதை எதிர்த்து இழுக்க முடியாது. மோட்டார் நின்றதும் மூடியின் இடுக்கு வழியாகக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகிறது, வெற்றிடம் தளர்கிறது, மறுபடி கொஞ்சம் ஓடுகிறது. இந்தத் தாளம் தெரிந்தால் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது நிலை, பல்ப் எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் தொளதொளவென்று இருப்பது. டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தால் குழாயின் நுனி காற்றில் நிற்கலாம். பெட்ரோல் இருந்தும் இறுகவில்லை என்றால் மூன்று சந்தேகம். பல்பின் வால்வு தேய்ந்திருக்கலாம். கார்பரேட்டரின் ஊசி மூடாமல் பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் கார்பரேட்டர் வாயில் பெட்ரோல் சொட்டும், வாடை மூக்கைத் துளைக்கும். மூன்றாவது, டேங்க்குக்கும் பல்புக்கும் நடுவே காற்று புகலாம்.

இந்தக் காற்று புகுகிற கோளாறு ஏமாற்றுக்காரக் கோளாறு. வயலில் இன்ஜின் வைத்து வாய்க்கால் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது புரியும். உறிஞ்சுகிற பைப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே கசியாது. ஆனால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும், தண்ணீர் ஏறாது. பெட்ரோல் ஹோஸிலும் அப்படித்தான். பல்புக்குக் கீழே, மோட்டார் பக்கம் இருக்கிற மூட்டுகளில் கோளாறு என்றால் பல்பை அழுத்தும்போது பெட்ரோல் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். மேலே, டேங்க் பக்கத்து மூட்டுகள் உறிஞ்சுகிற பக்கம் என்பதால் காய்ந்தே இருக்கும், ஒன்றும் காட்டாது. டேங்க் கனெக்டரைக் கழற்றி அதன் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கை நகத்தால் தடவிப் பாருங்கள். வெடித்தோ, இறுகிப் பிளாஸ்டிக் மாதிரியோ இருந்தால் அதுதான் குற்றவாளி. விலை மிகக் குறைவு. இரண்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். கரையில் சோதிக்க இன்னொரு வழி, பல்புக்கும் மோட்டாருக்கும் நடுவே கண்ணாடி போன்ற பெட்ரோல் ஹோஸ் ஒரு சாண் நீளம் பொருத்தி ஓட்டிப் பார்ப்பது. குமிழி வரிசையாக ஓடினால் காற்று புகுகிறது. சோதித்ததும் அதை எடுத்துவிடுங்கள், அது நிரந்தரமாக வைக்கிற பொருள் இல்லை.

மூன்றாவது நிலை, பல்ப் கல் மாதிரி இறுகியே இருக்கிறது, மோட்டார் பட்டினி கிடக்கிறது. பல்ப் வரை பெட்ரோல் வந்துவிட்டது. அடைப்பு அதற்குக் கீழே. மோட்டார் பக்கத்து கனெக்டர், ஃபில்டர், பம்ப், கார்பரேட்டரின் ஊசி, இந்த வரிசையில் பாருங்கள்.

இதோடு ஒரு துணைச் சோதனை. மோட்டார் சாகப்போகும் நேரத்தில் பல்பைத் தொடர்ந்து அமுக்கிக்கொண்டே இருங்கள். உயிர் வந்து சீராக ஓடினால் கார்பரேட்டர் நன்றாக இருக்கிறது. உங்கள் கை பம்பின் வேலையைச் செய்கிறது. அப்படியானால் டயாப்ரம் சோர்ந்திருக்க வேண்டும், அல்லது உறிஞ்சும் பக்கம் காற்று புகுந்திருக்க வேண்டும். இப்படி அமுக்கியபடியே கரை வந்து சேரவும் முடியும்.

இன்னும் எளிய சோதனை ஒன்று துறையிலேயே இருக்கிறது. பக்கத்துப் படகுக்காரரிடம் டேங்க்கையும் ஹோஸையும் கால் மணி நேரம் கேட்டு வாங்கி, உங்கள் மோட்டாரில் மாட்டி ஓட்டுங்கள். கனெக்டர் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். நன்றாக ஓடினால் உங்கள் மோட்டாரைத் தொடவே வேண்டாம்.

பெட்ரோல் அடியில் தண்ணீர்

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாமே ஊறிப்போகும். பாதி காலியான டேங்க்கில் இரவுக் குளிருக்கு உள்சுவரில் ஈரம் வேர்த்து, அடியில் இறங்கும். மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் மழைநீரே போகும். பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 740 கிராம்தான். தண்ணீர் ஒரு கிலோ. அதனால் தண்ணீர் எப்போதும் அடியில். மோட்டாருக்குப் போகிற குழாய் எங்கே நிற்கிறது? அதுவும் அடியில்தான். அதாவது டேங்க்கில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் மோட்டார் முதலில் குடிப்பது அதைத்தான்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், உப்பு மழைநாளில் கசிவது போல. கொஞ்சம் ஈரம் வரை பெட்ரோலில் கரைத்து வைத்துக்கொள்ளும், மோட்டாரும் அதை எரித்துவிடும். ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தனி அடுக்காக நின்றுவிடும். மோட்டாரின் மசகுக்காகப் பெட்ரோலில் நாம் கலந்த டூ-டி ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு தங்கிவிடுகிறது. அடி அடுக்கை மோட்டார் உறிஞ்சினால் மசகு இல்லாத சரக்கு உள்ளே போகிறது. மோட்டார் நிற்பதோடு போனால் நல்லது. பிஸ்டன் உராய்ந்தால் செலவு பெரிது. பழைய ஹோஸ்களின் உள்தோலையும் எத்தனால் ஊறவைத்து உரிக்கும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். உள்ளே உரிந்த தோல் ஒரு தாழ்ப்பாள் மாதிரி மடிந்து, மோட்டார் வேகமாக இழுக்கும்போது மட்டும் வழியை மூடும்.

சோதனை எளிது. காலி தண்ணீர் பாட்டில் ஒன்றை நன்றாகக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க்கை ஒரு மூலைக்குச் சாய்த்துக் கொஞ்ச நேரம் விட்டு, அந்த மூலையின் அடியிலிருந்து கால் பாட்டில் பெட்ரோல் எடுங்கள். அசைக்காமல் பத்து நிமிடம் வைத்துவிட்டு வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நல்ல கலவை ஒரே நிறத்தில் தெளிவாக இருக்கும். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு போட்ட மாதிரி ஓர் அடுக்கு தெரியும், அல்லது முத்து முத்தாக உருளும். பாட்டிலைச் சாய்த்தால் அந்த அடுக்கு தனியாக நகர்வதையும் பார்க்கலாம். வாடையையும் கவனியுங்கள். பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி புளிப்பாக வந்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. வேட்டித் துணியில் வடிகட்டினால் தூசி நிற்கும், தண்ணீர் நிற்காது.

கெட்ட பெட்ரோலை ஆற்றில் கொட்டாதீர்கள். அந்த அலையாத்தி வேர்களுக்கு நடுவில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. கேனில் ஊற்றி மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

புதிய கலவை போடும்போது அளவு முக்கியம். பல டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. 24 லிட்டர் டேங்க்குக்கு 480 மில்லி. உங்கள் மோட்டாரின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டைத்தான் கேட்க வேண்டும். பைக் ஆயிலை ஊற்றாதீர்கள்; தண்ணீரால் குளிரும் படகு மோட்டாருக்கென்று தனி ஆயில் இருக்கிறது, டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும்.

இனி கார்பரேட்டர்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தால்தான் இங்கே வர வேண்டும். மோட்டார் எந்த நேரத்தில் திணறுகிறது என்பதே பாதி பதில் சொல்லும். ரேஸ் செய்தால் நன்றாக ஓடுகிறது, ஸ்லோ நிற்கவில்லை என்றால் பைலட் ஜெட்டில் அடைப்பு. ஸ்லோவில் அழகாக ஓடுகிறது, ரேஸ் கொடுத்ததும் மூச்சு வாங்கி விழுகிறது என்றால் மெயின் ஜெட், ஃபில்டர், பம்ப் இவற்றில் ஒன்று. குறுகிப்போன வாய்க்கால் நாற்றங்காலுக்குப் போதும், நடவு வயலுக்குப் போதாது. அதுதான் கணக்கு. சோக்கை இழுத்து வைத்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றாலும் பெட்ரோல் குறைவாக வருகிறது என்றே அர்த்தம்.

பிரிக்கும் முன் பவுலின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, வருவதைப் பாட்டிலில் பிடியுங்கள். தெளிவான பெட்ரோல் தாராளமாக வந்தால் பவுல் வரை வழி திறந்திருக்கிறது. தண்ணீர் முத்துகள் வந்தால் அதை வடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பல சமயம் அதோடு சரியாகிவிடும்.

பிரிப்பதாக இருந்தால் கரையில், நிழலில், எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்பும் போனில் ஒரு படம் எடுங்கள். பவுலைக் கழற்றியதும் உள்ளே பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற மோட்டார் என்றால் அடியில் வெல்லப்பாகு காய்ந்த மாதிரி பழுப்புப் பிசின் ஒட்டியிருக்கும். தண்ணீர் தங்கியிருந்தால் அலுமினியம் அரித்துச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி இருக்கும். ஜெட்டைத் திருகிக் கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து ஊறவைத்து, மறுபடி அடியுங்கள். இரும்புக் கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் மோட்டார் வாழ்நாள் முழுக்க அதிகமாகக் குடிக்கும். மிதவையைக் காதருகில் குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் மிதவை ஓட்டை. அது மிதக்காது, ஊசி மூடாது, ஓவர்ஃப்ளோ ஆகிக்கொண்டே இருக்கும். கார்பரேட்டரின் பக்கத்தில் இருக்கும் சிறிய ஸ்பிரிங் திருகை இஷ்டத்துக்குத் திருப்ப வேண்டாம். திருப்பத்தான் வேண்டுமென்றால் எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்திய பிறகு மோட்டாரை வெறும் காற்றில் ஓட்டாதீர்கள். தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டுங்கள். காய்ந்து ஓடினால் சில நொடிகளில் தண்ணீர் பம்பின் ரப்பர் கருகிவிடும்.

கிளம்பும் முன்பும், நிறுத்தி வைக்கும்போதும்

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு உபரி பிளக், பிளக் ஸ்பானர், ஃபில்டர், ஓ-ரிங், இரண்டு கிளாம்ப், காய்ந்த பாட்டில். இதையெல்லாம் ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு வைத்தால் உப்புக்காற்று தீண்டாது. துடுப்பும் கழியும் லைஃப் ஜாக்கெட்டும் எப்படியும் இருக்க வேண்டும். டேங்க்கைக் கரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள், படகில் வைத்து அல்ல.

சில வாரம் மோட்டாரை நிறுத்தி வைப்பதாக இருந்தால், டிரம்மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோஸைக் கழற்றிவிட்டுத் தானாக நிற்கும் வரை விடுங்கள். பிறகு பவுல் திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். பிசின் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது. ஹோஸின் முனைகளைத் துணியால் கட்டி வையுங்கள். திறந்து போட்டால் குளவி வந்து மண்கூடு கட்டிவிடும்; அந்த மண் அப்படியே ஃபில்டரில் வந்து நிற்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் பிடிபடவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். பம்ப் டயாப்ரம் மாற்றுவது போன்ற வேலைகளை முதல்முறை அவர் பக்கத்தில் நின்று பார்ப்பதே நல்லது. போகும்போது மோட்டாரை மட்டும் கழற்றி எடுத்துப் போகாதீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். கடையில் மெக்கானிக் தன்னுடைய டேங்க்கையும் ஹோஸையும் மாட்டுவார், மோட்டார் அருமையாக ஓடும், கார்பரேட்டரைத் துடைத்துக் கூலி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். மறுநாள் ஆற்றில் அதே இடத்தில் நிற்கும். மோட்டார், டேங்க், ஹோஸ் மூன்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள். டேங்க்கின் அடியிலிருந்து எடுத்த அந்தப் பாட்டிலையும் எடுத்துப் போய், பல்ப் தட்டையாக இருந்ததா, தொளதொளவென்று இருந்ததா, கல் மாதிரி இருந்ததா என்று சொல்லுங்கள்.